மூன்றாவது மேசை

கண்ணாடிக்காரர் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது என்று அந்தக் கடைத்தெருவில் ஒரு பேச்சு இருந்தது. போர் வரும்வரை அது பாராட்டாக இருந்தது. வந்த பிறகு வசவாகிவிட்டது.

மருந்துக்கடைக்கும் தையல்கடைக்கும் நடுவில் ஒடுக்கமான ஒரு கடை. முன்னால் பிரேம்கள் அடுக்கிய அலமாரி, பின்னால் லென்ஸ் தேய்க்கும் சக்கரம், இடையில் ஒரு நாற்காலி, அதற்கு எதிர்ச்சுவரில் எட்டு வரி எழுத்து அட்டை. மாடியில் வீடு. அப்பா இறந்தபோது கண்ணாடிக்காரருக்கு இருபது வயது, தம்பிக்கு ஒன்பது. படித்துக்கொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டு அவர் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்தார். தம்பி பள்ளிக்கூடம் விட்டு வந்து அட்டைக்குக் கீழே உட்கார்ந்து பாடம் எழுதுவான். சலித்தால் அந்த எட்டு வரியையும் ராகம் போட்டுப் பாடுவான். "இவன் இருக்கும்போது வராதீங்க, கேள்விக்கு முன்னாடியே பதிலைச் சொல்லிடுவான்" என்று அவர் வந்தவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். பன்னிரண்டு வயதில் தம்பிக்கே கண்ணாடி தேவைப்பட்டது. கடும் கிட்டப்பார்வை. கண்ணாடியைக் கழற்றினால் தெருவின் எதிர்ப்பக்கம் அவனுக்கு வெறும் மூட்டம்.

அவளை முதலில் பார்த்தவர் அண்ணன்தான். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவள். நாள் முழுக்கக் காதுக்கருவி மாட்டியிருப்பதால் கண்ணாடியின் காம்பு அழுத்திக் காதுக்குப் பின்னால் புண்ணாகியிருந்தது. "இதுக்கு ஏதாவது வழி இருக்கா?" என்று கேட்டாள். "பார்க்கலாங்க" என்றார். அவளிடம் அவர் சேர்ந்தாற்போல் பேசியது அவ்வளவுதான். காம்பைத் தட்டையாக இழைத்து, நுனியை வளைக்காமல் காதுக்கு மேலே தலையோடு படிகிற மாதிரி ஒரு பிரேமை நான்கு நாள் உட்கார்ந்து செய்தார். இடையில் மூன்று முறை அளவு பார்க்க வந்தாள். இரண்டாவது முறை வந்ததற்குக் காரணம் இருந்தது. மூன்றாவது முறை அவராக வரச்சொன்னது.

கண்ணாடி தயாரானதும் கொண்டுபோய்க் கொடுக்க அவருக்குக் கால் எழவில்லை. தானே போனால் என்ன நினைப்பாளோ என்று கூச்சம். "டேய், இதை அந்த டெலிபோன் எக்ஸ்சேஞ்சுப் பொண்ணு வீட்டுல கொடுத்துட்டு வா" என்று தம்பியை அனுப்பினார். பத்து நிமிட நடைக்குப் போனவன் மூன்று மணி நேரம் கழித்து வந்தான். எட்டு மாதத்தில் கல்யாணம். முன்னின்று நடத்தியவர் அண்ணன். மாடியில் பெரிய அறையை அவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, கட்டிலைத் தூக்கிக் கொண்டுபோய்ச் சக்கரத்துக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

அவள் நல்ல மருமகளாக இருந்தாள். மாமியாருக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டுவாள். கணவனை "என்னங்க" என்று கூப்பிடும்போது அதில் பாதி கேலி இருக்கும். அவரை மட்டும் "மாமா" என்று மரியாதையாகக் கூப்பிட்டாள். கீழே சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்போது மாடியில் அவர்கள் சிரிப்பது கேட்கும். அவர் சக்கரத்தை இன்னும் வேகமாகச் சுற்றுவார்.

போர் இரண்டாவது வருடத்தில் ஊருக்குள் வந்து ஆள் எடுக்கத் தொடங்கியது. பள்ளிக்கூட மண்டபத்தில் நான்கு மேசை போட்டார்கள். முதல் மேசையில் பெயரும் வயதும், இரண்டாவதில் உயரமும் எடையும், மூன்றாவதில் கண், நான்காவதில் இராணுவ டாக்டர். மூன்றாவது மேசைக்கு ஊரில் வேறு ஆள் கிடையாது. தேவையான தொழில் என்று சொல்லி அவரைப் போரிலிருந்து விலக்கி, அந்த நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

தப்பிக்க நினைத்தவர்களுக்கெல்லாம் சுலபமாகத் தோன்றியது கண்தான். இரண்டு வரி படித்துவிட்டு "அதுக்கு மேல தெரியலைங்க" என்பார்கள். அவர் ஒன்றும் சொல்லாமல் பெட்டியிலிருந்து சாதாரணக் கண்ணாடித் துண்டை எடுத்து லென்ஸ் என்று சொல்லி மாட்டிவிடுவார். "இப்போ?" என்பார். "ஆங், இப்போ நல்லா தெரியுது" என்று எட்டு வரியையும் படித்து முடித்த பிறகுதான் பையனுக்கு உறைக்கும். ஒரு வருடத்தில் அறுபது எழுபது பேரை அப்படிப் பிடித்தார். படையில் சேரும் ஆசையில் அட்டையை மனப்பாடம் செய்து வருகிறவர்களும் சிலர் உண்டு. அவர்களுக்காக எழுத்துகளை மாற்றி அச்சடித்த இன்னொரு அட்டை இழுப்பறையில் இருந்தது. ஊர் அவருக்குக் கழுகு என்று பெயர் வைத்தது. பால்காரி, தன் மூத்த மகன் போன மறுவாரம், கடை வாசலில் நின்று காறித் துப்பினாள். அவர் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். தன் வேலையில் தான் பொய் செய்யவில்லை என்ற தெம்பு அவருக்கு அப்போது இருந்தது.

தம்பி அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தான். அச்சகத்திலிருந்து ஏழு பேர் போய்விட்டார்கள். இரண்டு பேர் வரமாட்டார்கள் என்று தெரிந்துவிட்டது. ஒருநாள் காலை அச்சகக் கதவில் யாரோ சுண்ணாம்புக்கட்டியால் எழுதியிருந்தார்கள்: 'ஊரான் குஞ்செல்லாம் போருக்கு, கழுகுக் குஞ்சு கூட்டுக்குள்ளே.' தம்பி அதைக் கைக்குட்டையால் துடைத்தான். வீட்டில் சொல்லும்போது சிரித்துக்கொண்டுதான் சொன்னான். "எதுகை மோனை பரவாயில்லை. ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை" என்றான். அம்மா சிரிக்கவில்லை. மனைவிக்கு அப்போது ஐந்து மாதம்.

அடுத்த வாரம் அவன் மண்டப வரிசையில் நின்றான்.

அவர் தலை நிமிர்ந்தபோது இருபதடி தள்ளிக் கோட்டின்மேல் தம்பி நின்றிருந்தான். கண்ணாடி இல்லை. மூக்கின் இரண்டு பக்கமும் கண்ணாடி பதிந்த சிவப்புத் தடம் மட்டும் இருந்தது. இத்தனை வருடம் அவர் கையால் செய்து மாட்டிய கண்ணாடியின் தடம்.

"கண்ணாடி போடுறதுண்டா?" என்று படிவத்தில் இருந்தபடி கேட்டார்.

"இல்லைங்க" என்றான். முகத்தில் சிரிப்பு.

"படிங்க."

படித்தான். முதல் வரியிலிருந்து எட்டாவது வரிவரை, திணறாமல், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி. முடித்துவிட்டு அண்ணனைப் பார்த்தான். அண்ணனை என்று அவன் நினைத்துக்கொண்டான். உண்மையில் அவன் பார்த்தது அவருடைய இடது தோளுக்கு ஒரு சாண் தள்ளியிருந்த தூணை. தூணைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு காத்திருந்தான்.

இழுப்பறை முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது. திறந்து அட்டையை மாற்றினால் முடிந்தது. அதுகூட வேண்டாம், "டேய், கண்ணாடி எங்கடா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். அவர் கேட்கவில்லை. அந்தக் கணத்தில் அவருக்குத் தம்பி சாவான் என்றெல்லாம் தோன்றவில்லை. தோன்றியது ஒரு வீடு. அம்மாவும் அவளும் தானும் மட்டும் இருக்கிற வீடு. மாடிப்படியில் வாளியோடு இறங்கிவரும் அவளிடமிருந்து, தான் கை நீட்டி அதை வாங்குகிறார். அவ்வளவுதான் பார்த்தார். அதற்குள் கை 'நன்று' என்று எழுதிவிட்டிருந்தது.

தம்பி மேசைக்கு வந்து தாளை வாங்கி மூக்கருகே கொண்டுபோய்ப் படித்தான். சிரிப்பு நின்றது. ஏதோ கேட்க வாயெடுத்தான்.

"அடுத்தவங்க வாங்க" என்றார் அவர்.

அன்று சாயங்காலம் அம்மா அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "நீ அங்க உட்கார்ந்திருந்தும் எப்படிடா?"

"கடைசி வரிவரைக்கும் படிச்சான்மா. தானா ஆசைப்பட்டு வந்து நிக்கிறான். எத்தனை பேரு பிள்ளையை அனுப்பியிருக்கேன், இவனை மட்டும் எப்படித் தடுக்கிறது?"

சொல்லும்போதே அது நன்றாக இருந்தது. பல வருடம் அவர் அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார். தம்பியின் மானத்தைத் தான் காப்பாற்றியதாகக்கூடச் சில நாள் தோன்றும். அவள் எதுவும் கேட்கவில்லை. தம்பியும் அதைப் பற்றிப் பேசவில்லை. பத்தாம் நாள் லாரி வந்து அவனை ஏற்றிக்கொண்டு போயிற்று.

மறைத்து எடுத்துப்போன கண்ணாடி மூன்றாம் மாதமே உடைந்துவிட்டது. 'அண்ணே, ஆற்றைக் கடக்கும்போது உடைந்துபோய்விட்டது. இங்கே யாருக்கும் தெரியாது. பழைய நம்பரிலேயே ஒன்று அனுப்பு' என்று கடிதம் வந்தது. அவள்தான் அதை வாசித்தாள். அவர் அன்றே உட்கார்ந்து இரண்டு கண்ணாடி செய்தார். விரலில் தோல் உரிய உரியத் தேய்த்து, பஞ்சு சுற்றி, தகரப் பெட்டியில் வைத்து மறுநாள் காலை தபாலில் சேர்த்தார். ஏழு வாரம் கழித்துப் பெட்டி பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது. சாவுச் செய்தி அதற்கு நான்கு நாள் முன்னால் வந்திருந்தது. குழந்தை பிறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. பெண் குழந்தை.

எப்படிச் செத்தான் என்பதை, கூட இருந்த ஒரு லாரி டிரைவர் ஊன்றுகோலோடு வந்து சொன்னான். கூடத்தில் அம்மாவும் அவளும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் சுவரோரம் நின்றார்.

"கண்ணிவெடி புதைச்ச வயலுங்க. நடுவுல வெள்ளைத் துணி கட்டி வழி விட்டிருந்தாங்க. துணியைப் பார்த்து நடந்தா ஒண்ணுமில்லை. இவன் எப்பவும் என் தோளைப் பிடிச்சுக்கிட்டுதான் வருவான். கேட்டா ஏதாவது ஜோக் சொல்லுவான். அன்னைக்கு என்னை வேற வேலைக்குக் கூப்பிட்டுட்டாங்க." டிரைவர் டீக் கோப்பையைக் கீழே வைத்தான். "பத்தடி தூரம் தெரியாதுங்க அவனுக்கு. எந்தக் குருட்டுப் பய பாஸ் பண்ணி விட்டானோ."

அம்மா மெதுவாகத் தலையைத் திருப்பி மூத்த மகனைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு டிரைவரிடம், "டீ ஆறிப்போகுது தம்பி, குடி" என்றாள்.

இதற்குப் பிறகு நடந்ததை அவரால் கடைசிவரை செரிக்க முடியவில்லை. ஊர் அவரை மதிக்கத் தொடங்கியது. "கூடப் பிறந்தவனையே விடலைப்பா, நியாயமான மனுஷன்" என்று பேசிக்கொண்டார்கள். கழுகு என்ற பெயர் காணாமல் போயிற்று. பால்காரி ஒருநாள் கடைக்குள் வந்து, "நான் அன்னைக்கு அப்படிச் செஞ்சிருக்கக் கூடாது, மன்னிச்சிருங்க" என்று கண்ணீர் விட்டாள். போர் முடிந்து சதுக்கத்தில் நினைவுக்கல் வைக்கக் குழு போட்டபோது அவரைத் தலைவராக்கினார்கள். தம்பியின் பெயர் பதினேழாவதாகப் பொறிக்கப்பட்டது. எழுத்துகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கும் வேலையும் அவருக்கே வந்தது.

குழந்தைக்கு ஒரு வயது முடிந்ததும் அம்மா அவரைக் கூப்பிட்டாள். "அவளைக் கட்டிக்கோ. இந்த ரெண்டு உயிரையும் நீதான் பார்க்கணும். வேற யாரு பார்க்கணும் சொல்லு?" அது ஆசீர்வாதமா தண்டனையா என்று அவருக்குப் புரியவில்லை. அம்மாவிடம் கேட்கத் துணிவும் இல்லை. அவள் சம்மதித்தாள். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு மூவரும் நடந்தே வீட்டுக்கு வந்தார்கள். இரண்டு வருடத்தில் அம்மாவும் போய்விட்டாள்.

எதை நினைத்து அன்று எழுதினாரோ அது அவருக்குக் கிடைத்துவிட்டது. மாடிப்படியில் அவள் வாளியோடு இறங்கி வந்தாள். அவர் கை நீட்டினார். கொடுத்தாள். ஆனால் 'மாமா' நின்றுபோயிருந்தது, 'என்னங்க' வரவில்லை. "கேட்டுச்சா?" என்பாள், அல்லது கதவைத் தட்டுவாள். சாப்பாடு நேரத்துக்கு வந்தது. சட்டைக்குப் பித்தான் தைக்கப்பட்டது. காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து துணி நனைத்துப் போட்டாள். குறை சொல்ல ஒன்றுமே இல்லை. துக்கம் ஆறாமல் இருக்கிறாள், நாளாக நாளாகச் சரியாகிவிடும் என்று அவர் தன்னைத் தேற்றிக்கொண்டார். குழந்தை அவரை அப்பா என்றே கூப்பிட்டது. அவள் தடுக்கவில்லை.

பெண்ணுக்கு ஏழு வயதானபோது புத்தகத்தை மூக்கில் ஒட்டிக்கொண்டு படிக்க ஆரம்பித்தாள். ஒரு விடுமுறை நாள் பிற்பகல் அவர் அவளைக் கடை நாற்காலியில் உட்காரவைத்தார். கண்ணாடி போட்டால் பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்கள் என்று அவளுக்குப் பயம். எட்டு வரியையும் மூச்சு விடாமல் ஒப்பித்தாள்.

அவர் சிரித்துக்கொண்டே இழுப்பறையைத் திறந்து வேறு அட்டையை எடுத்து மாட்டினார். "இப்போ படி, தங்கம்."

பெண் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தாள். பிறகு அழுதாள். அவர் அவளைத் தூக்கிச் சமாதானப்படுத்தி, எந்தப் பிரேம் வேண்டுமென்று அலமாரியில் தேர்ந்தெடுக்கச் சொல்லிவிட்டுத் திரும்பினார். படியின் கீழே பெண்ணின் தாய் நின்றிருந்தாள். பெண்ணைத் தையல்கடைக்கு ஒரு வேலையாக அனுப்பிவிட்டு உள்ளே வந்தாள்.

"சட்டுனு பிடிச்சிட்டீங்க" என்றாள்.

"குழந்தைதானே..."

"ஒரு தும்மல் போடுற நேரம்கூட ஆகலை. பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்."

அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். பழைய பதில்தான் வாயில் வந்தது. "அவனா ஆசைப்பட்டுத்தானே வந்து நின்னான். அவன் மனசை நோகடிக்க வேண்டாம்னுதான்..."

"ஆசையா?" அவள் குரலை உயர்த்தவில்லை. "அன்னைக்குக் காலையில கண்ணாடியைக் கழட்டி என் கையில கொடுத்தாரு. என்ன சொன்னாரு தெரியுமா? 'பயப்படாதே, மூணாவது மேசையில அண்ணன் இருக்காரு. பார்த்த உடனே பிடிச்சிடுவாரு. நாலு பேர் முன்னாடி திட்டி விரட்டுவாரு. போனான், எடுக்கலைன்னு ஆயிடும், ஊரும் வாயை மூடிக்கும். சாப்பாட்டு நேரத்துக்கு வந்திடுறேன்'னாரு. நானும் சோறு எடுத்து வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்."

தெருவில் ஒரு தள்ளுவண்டி கடந்து போயிற்று.

"என்கிட்ட அவன் கேட்கவே இல்லையே" என்றார் அவர், குழந்தை மாதிரி.

"எப்படிக் கேட்பாரு? 'ஏன் என்னைத் தடுக்கலை'ன்னா? அவருக்கு உங்க மேல சந்தேகமே வரலை. 'அண்ணன் அன்னைக்கு ரொம்பக் களைச்சிருந்தாரு போல'ன்னு அவரே ஒரு சமாதானம் சொல்லிக்கிட்டாரு. எனக்குத்தான் அந்தச் சமாதானம் ஒட்டலை. நீங்க என்னைப் பார்க்கிற பார்வை அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா என்னைக் கட்டிக்கிட்டே?"

"கையில ஒரு வயசுக் குழந்தை. எக்ஸ்சேஞ்சு குண்டு விழுந்து தரைமட்டமாக் கிடந்துச்சு. உங்கம்மா என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு விடலை. எங்க போகச் சொல்றீங்க?" வாசலில் பெண் திரும்பி வருவது தெரிந்தது. அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "பழிவாங்கத்தான் கட்டிக்கிட்டேன்னு நினைச்சுக்காதீங்க. அதுக்கெல்லாம் எனக்கு நேரமே கிடைக்கலை."

அதன்பின் மூன்று வாரம் அவர் கடை திறக்கவில்லை. நான்காவது வாரம் இராணுவப் பதிவேடு அலுவலகத்துக்குப் போனார். என் தம்பிக்குச் சரியான பார்வை கிடையாது, தெரிந்தே பொய்யாக எழுதினேன், அதைப் பதிவு செய்ய வேண்டும் என்றார். குமாஸ்தா அவரை ஏற இறங்கப் பார்த்தார். நினைவுக்கல் குழுத் தலைவர் என்ற முறையில் அவரைத் தெரியும்.

"ஐயா, சேர்க்கத் தகுதியில்லாத ஆள்னு இப்போ எழுதினா சேர்த்ததே செல்லாது. செல்லாதுன்னா அவர் சிப்பாயே இல்லை. சிப்பாய் இல்லாதவர் பேரு கல்லுல இருக்கக் கூடாது. எடுத்துடலாமா? குடும்பத்துல ஒருத்தர் கையெழுத்து வேணும்" என்று ஒரு படிவத்தை நீட்டினார். கேலி இல்லை, விதியைச் சொன்னார்.

படிவத்தை அவளிடம் கொண்டுவந்து கொடுத்தார். அவள் நின்றபடியே முழுக்கப் படித்தாள்.

"அவளுக்கு அவங்கப்பான்னு மிச்சம் இருக்கிறது அந்தக் கல்லுல இருக்கிற பேரு ஒண்ணுதான். உங்க மனசு லேசாகணும்னு அதையும் சுரண்டணுமா?" என்று கேட்டுவிட்டு, படிவத்தை அடுப்பில் போட்டு, அதே நெருப்பில் தண்ணீர் வைத்தாள்.

அதற்கப்புறம் அவர் இருபத்தாறு வருடம் வாழ்ந்தார். ஒவ்வொரு வருடமும் நினைவுநாளில் குழுத் தலைவராகக் கல்லின் முன்னால் நின்று பெயர்களை வாசித்தார். விலகிக்கொள்கிறேன் என்று பலமுறை சொல்லிப் பார்த்தார். தன்னடக்கம் என்று சொல்லி ஊரார் அவரை விடவில்லை. பதினேழாவது பெயர் வரும்போது கூட்டத்தில் யாராவது மூக்கை உறிஞ்சுவார்கள். பெண் படித்து, ஆசிரியையாகி, வேற்றூரில் குடும்பமானாள். அவருக்கு மாதம் ஒரு கடிதம் போடுவாள். வீட்டில் அவளும் அவரும் ஒருவருக்கொருவர் மருந்தை நினைவூட்டிக்கொண்டும், கதவைத் தாழிட்டாயிற்றா என்று கேட்டுக்கொண்டும் கிழமானார்கள். கடைசி மாதம் படுக்கையில் கிடந்தபோது அவர் அவள் கையைப் பிடித்து, "ஏதாவது சொல்லேன்" என்றார். அவள் யோசித்தாள். வேண்டுமென்றே தாமதிக்கவில்லை, உண்மையாகவே யோசித்தாள். "ஒண்ணும் தோணலை" என்றாள்.

அவர் இறந்த அன்று தெரு முழுக்கக் கூடிவிட்டது. அழுது முகம் வீங்கிய மகளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, கூடப் பிறந்தவனுக்காகக்கூட வளையாத மனிதர் என்று ஆள் மாற்றி ஆள் சொன்னார்கள். மகள் தாயின் தோளில் சாய்ந்து, "அப்பா மாதிரி நேர்மையா ஒருத்தர் இனிமே பொறந்துதான் வரணும், இல்லம்மா?" என்று கேட்டாள்.

அவள் மகளின் கண்ணாடியைக் கழற்றி, ஈரத்தைத் தன் முந்தானையில் துடைத்து மறுபடி மாட்டிவிட்டாள். மகளிடம் அவள் எதையும் சொன்னதில்லை. அவருக்காக அல்ல. இருந்த இரண்டு அப்பாவையும் ஒரே நாளில் அவளிடமிருந்து பிடுங்க வேண்டாம் என்றுதான்.

"நிறைய பேர் நின்னுக்கிட்டே இருக்காங்க" என்றாள். "தையல்கடையில நாலு நாற்காலி கேட்டு வாங்கிட்டு வா."